காதோரம் மூன்று

அனந்தபுரத்துக் கடைக்காரர் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பார்சலைப் பூங்குழலி பிரித்தபோது காலை பதினொரு மணி இருக்கும். உள்ளே ஒரே ஒரு நெக்பேண்டு. கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் கறுப்பு வளையம், முனைகளில் காதில் செருகிக்கொள்ளும் இரண்டு குமிழ்கள். அவர்கள் கம்பெனியின் சரக்குதான். ‘காதோரம் 3’. வளையத்தின் வலது பக்கம், பேட்டரி உட்காரும் இடத்தில், பிளாஸ்டிக் மூடி வாயைப் பிளந்துகொண்டு புடைத்திருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “சார்ஜ் போட்டா சுடுதாம். மாத்திக் குடுக்கவும்.”

அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். நகப்பூச்சு வாசனை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹெட்செட் தொழிற்சாலையில் ஆறு வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் நின்றவள். அந்த வாசனை எதிலிருந்து வருகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரியின் உறை கிழிந்துவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் அதைப் புதைத்தாள்.

திரும்பி வந்தபோது மேஜைமேல் லேப்டாப் அப்படியே திறந்து கிடந்தது. அதில் ‘எங்கள் கம்பெனியின் வரலாறு’ என்று தலைப்புப் போட்டு ஒன்றரைப் பக்கம் அடித்து வைத்திருந்தாள். சென்னையில் ஒரு பெரிய நிறுவனம் அவர்களுடைய பிராண்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை ஒப்பந்தம். தங்கள் இணையதளத்தில் போட ஒரு சின்ன வரலாறு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. பூங்குழலியும் உஸ்மானும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். உஸ்மான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த வருஷம், அவளுடைய நைனா மூடிக்கிடந்த தன் மணிலாக் கொட்டைக் கிடங்கைத் திறந்து கொடுத்தார். பழுதான ஹெட்செட்டுகளை வாங்கி, சரிசெய்து விற்பதில் ஆரம்பித்தார்கள். ஊரடங்கு வந்தது, பிள்ளைகளெல்லாம் போனில் பாடம் படித்தார்கள், சரக்குப் போதவில்லை. அப்புறம் சொந்தமாகவே செய்யத் தொடங்கினார்கள். டிராக்டர் ஓட்டும்போதும் கேட்க வேண்டும், இரண்டு நாள் சார்ஜ் நிற்க வேண்டும், வியர்வையில் கெடக்கூடாது. ‘காதோரம்’ என்ற பெயர் உஸ்மான் வைத்தது. ஆன் செய்ததும் “சேந்துடுச்சு” என்று ஒரு பெண் குரல் சொல்லும். அது அங்கே சால்டர் வைக்கும் முன்னியின் குரல். பதினான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். செஞ்சியில் செய்த ப்ளூடூத்து என்று ஜனங்கள் ஆசையாக வாங்கினார்கள்.

அதையெல்லாம் எழுதிவிட்டு, ‘எங்கள் தரப் பரிசோதனை’ என்ற பத்தியில் அவள் நின்றிருந்தபோதுதான் பார்சல் வந்தது.

அந்த நெக்பேண்டோடு ஒரே தொகுதியாகச் செய்த லாட்டில் விற்காமல் கிடங்கில் மிச்சமிருந்தது இருபது. எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்து சார்ஜ் போட்டாள். இரண்டு மணிக்கு மூன்று உப்பிவிட்டன. மூன்றாவதை அவள் பிடுங்கும்போதே அதன் மூடியிடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

“அக்கா, புகை! புகை வருது பாருங்க!” என்று முன்னி கத்தினாள்.

பூங்குழலி அதைத் துணியால் பிடித்து ஓடிப்போய் மணலில் போட்டாள். பயம் தீயைப் பார்த்து வந்ததல்ல. இந்த லாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

ஒவ்வொரு லாட்டிலும் நாற்பது எடுத்து மூன்று நாள் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று விதி எழுதியதே அவள்தான். ஆடி அமாவாசைக்குச் சரக்கு வேண்டும் என்று வியாபாரிகள் நெருக்கினார்கள். டெல்லியிலிருந்து பேட்டரி தாமதமாக வந்தது, அதுவும் புது ஆள் அனுப்பியது. லைன் வேலை என்று ஒரு பகல் முழுக்கக் கரண்டு இல்லை. பத்தை மட்டும் ஒரு நாள் பார்த்தாள். பத்தும் நன்றாக இருந்தன. தாளில் நாற்பது என்று எழுதி, கீழே ‘பூங்குழலி’ என்று முழுப்பெயரையும் போட்டாள்.

உஸ்மான் மூன்று மணிக்கு வந்தான். மணல் வாளியைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

“எத்தினி போயிருக்குது?”

“அறநூத்தி நாப்பது. கடைங்களுக்கு நானூறு. தனகோட்டிக்கு எரநூத்தி நாப்பது.”

தனகோட்டி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசைக்கும் கடை போடுகிறவர். உஸ்மான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“நாப்பது பீஸ் பாத்தல்ல? எப்பிடித் தப்புச்சு?”

“பத்துதான் பாத்தேன்.”

“இன்னா?”

“பத்துதான் பாத்தேன் உஸ்மான். நாப்பதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.”

அவன் எழுந்து வெளியே போனான். குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

“திங்கக்கெழம மெட்ராஸ்காரங்க வராங்க. ஒரு வாரம் பொறு குழலி. கையெழுத்து ஆயிடட்டும். அப்பால நாமளே சொல்லித் திருப்பி வாங்கிக்கலாம்.”

“அதுக்குள்ள எவன் கழுத்துலயாவது வெடிச்சுதுன்னா?”

“இருவதுல மூணுதானே?”

“அறநூத்தி நாப்பதுல எத்தினின்னு நீயே கணக்குப் போடு.”

“பதினாலு பொம்பளைங்க இருக்காங்க இங்க. அவங்களுக்கு நீ இன்னா சொல்லப் போற? அதச் சொல்லு மொதல்ல.”

சுற்றி எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னிதான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, போன மாசம் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொண்ணு குடுத்தீங்களே, அது இந்த லாட்டா?”

பூங்குழலி தலையை ஆட்டினாள்.

“எங்க அத்தா அதப் போட்டுக்கினேதான் தூங்குவாரு” என்ற முன்னி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

அதற்கப்புறம் உஸ்மான் ஒரு வாரம் என்ற பேச்சை எடுக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கடைகளைப் பார்க்கக் கிளம்பினான்.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் கடைகளில் விற்காமல் இருந்ததெல்லாம் வந்துவிட்டது. விற்றதையும் கடைக்காரர்களே ஆள் அடையாளம் தெரிந்து வாங்கிக் கொடுத்தார்கள். முன்னியும் மற்ற பெண்களும் தங்களுக்குக் கொடுத்ததைக் கொண்டுவந்து மணலில் போட்டார்கள். தனகோட்டி முப்பதுதான் திருப்பினார்.

“மிச்சமெல்லாம் ஆடி அமாவாசயிலயே போயிடுச்சு. பெங்களூர்க்காரன், பாண்டிக்காரன், எவன்னு சொல்லுவேன்? பில்லா கிழிச்சுக் குடுக்குறேன் நான்?”

இருநூற்றுப் பத்து. முகமும் ஊரும் தெரியாத இருநூற்றுப் பத்துக் கழுத்துகள். பூங்குழலிக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. மூன்று அமாவாசை, ஐந்து அமாவாசை வருகிறேன் என்று அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். ஆடிக்கு வந்தவர்களில் சிலராவது ஆவணிக்கும் வருவார்கள். மறுநாள்தான் ஆவணி அமாவாசை.

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிப் போனாள். தனகோட்டியின் கடை முன்னால் ஒரு அட்டையில் எழுதிக் கட்டினாள். யாரும் படிக்கவில்லை. பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் இறங்கியது. பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்கவில்லை. அவள் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மஞ்சள் கயிறு, மாலை, துண்டு, வேறு கம்பெனிகளின் நெக்பேண்டு. கையில் போனைத் திறந்து வைத்திருந்தாள். நெக்பேண்டு ஆன் ஆகி எந்தப் போனோடும் சேராமல் இருந்தால், இருபது முப்பது அடிக்குள் அதன் பெயர் திரையில் வரும். எத்தனையோ பெயர்கள் வந்து வந்து மறைந்தன. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ‘காதோரம் 3’ என்று வரும். அவள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். முப்பது அடிக்குள் இருநூறு பேர் இருப்பார்கள். “காதோரம் ப்ளூடூத்து வச்சிருக்கறவங்க யாருங்க? கழட்டிடுங்க!” என்று தொண்டை கிழியக் கத்துவாள். சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு, அருள் வந்தவள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். பெயர் திரையிலிருந்து போய்விடும்.

இரண்டு மணிவரைக்கும் ஐந்துதான் கிடைத்தன.

இரண்டரை மணிக்குத் தேங்காய்க் கடைகளின் பக்கம் மறுபடி பெயர் வந்தது. இந்த முறை அவள் கண்ணிலேயே பட்டது. பத்தடி முன்னால் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். தோளில் இரண்டு வயசுக் குழந்தை தூங்கியது. பின்னலுக்குக் கீழே கறுப்பு வளையம். அதன் வலது பக்கம் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பின்மேலேயே குழந்தையின் கன்னம் அழுந்தியிருந்தது. வளையத்திலிருந்து ஒரு வயர், தோள்பையில் இருந்த பவர் பேங்குக்குப் போயிற்று. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

“ஏம்மா! ஏம்மா, நில்லும்மா!”

பம்பை அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வரிசைக்குள் நுழைந்தாள். பூங்குழலி இரண்டு பேரைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, ஒரு கையால் வயரைப் பிடுங்கி, மறுகையால் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். வளையத்தோடு தாலிச்சரடும் சேர்ந்து இழுபட்டது.

“ஐயோ! செயினு! செயின அறுக்கறா!”

முதல் அடி காதின்மேல் விழுந்தது. யார் என்று பார்ப்பதற்குள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். போன் எங்கோ தெறித்தது. திருடி, திருடி என்று நாலு பக்கமும் சத்தம். அவள் மண்ணில் குப்புற விழுந்து, வளையத்தை வயிற்றுக்குக் கீழே வைத்துச் சுருண்டுகொண்டாள். யாரோ முதுகில் மிதித்தார்கள். மிதித்தால் பேட்டரி நசுங்கும், நசுங்கினால் தன் வயிற்றுக்கடியிலேயே பற்றிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது. பற்றிக்கொள்ளட்டும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. தன் வயிறுதானே, அந்தக் குழந்தையின் கன்னமில்லையே. எப்படியும் அதை விடவில்லை.

இரண்டு பெண் போலீஸ்காரர்கள் அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், பந்தல் போட்டிருந்த போலீஸ் பூத்தில் தள்ளினார்கள். அங்கே சப் இன்ஸ்பெக்டர் வளர்மதி காணாமல் போன குழந்தைகளின் பெயர்களை மைக்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

“கையில இன்னா? காட்டு.”

பூங்குழலி வளையத்தை மேஜைமேல் மெதுவாக வைத்தாள். உதடு கிழிந்து வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. வளர்மதி பாதிதான் நம்பினாள். புடைப்பைப் பார்த்துவிட்டு, இதுவா என்று கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள்.

“அமுக்காதீங்க!”

அந்தக் கத்தலில் பந்தலில் இருந்த அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். வளர்மதி விரலை எடுத்துக்கொண்டாள்.

“இது மாதிரி இன்னும் எத்தினி இருக்குது?”

“எரநூறு, மேடம்.”

அடிவாங்கிய செய்தி தனகோட்டி மூலமாக உஸ்மானுக்குப் போய், அவன் செஞ்சியிலிருந்து வண்டியில் பறந்து வந்து பந்தலுக்குள் நுழைந்தது அப்போதுதான். அவள் உதட்டையும், மண்ணப்பிய முடியையும் பார்த்தான்.

“மைக்ல சொல்லலாம்” என்றாள் வளர்மதி. “ஆனா கம்பெனி பேர் சொல்லாம சொன்னா எவன் கழட்டுவான்? பேர் சொன்னா உங்க பொழப்பு போயிடும். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.”

பூங்குழலி மைக்குக்குக் கை நீட்டினாள். வாயைத் திறந்தால் உதட்டிலிருந்து ரத்தம் வந்ததே தவிர, சொல் வரவில்லை. உஸ்மான் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. நான் செஞ்சி, காதோரம் கம்பெனி ஓனர் உஸ்மான் பேசறேன். எங்க ப்ளூடூத்து, காதோரம் மூணு, கழுத்துல போட்டிருக்கறவங்க உடனே கழட்டிடுங்க. சார்ஜ் போடாதீங்க. அதுல பேட்டரி சரியில்ல. தீப்புடிக்கும். தப்பு எங்களுது. போலீஸ் பூத்துல கொண்டாந்து குடுத்துடுங்க.”

ஐந்து முறை சொன்னான். எங்களுது என்றுதான் ஐந்து முறையும் சொன்னான். உன்னால்தான் என்று அவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். இதைத் தாங்க முடியாமல் பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இருட்டுவதற்குள் இருபத்து மூன்று பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் திட்டினார்கள், ஒருவர் முகத்துக்கு நேரே வீசினார். மஞ்சள் புடவைப் பெண்ணும் வந்தாள். குழந்தை விழித்திருந்தது. அவள் மேஜைமேல் இருந்த வளையத்தைப் பார்த்தாள், பூங்குழலியைப் பார்த்தாள், குழந்தையின் கன்னத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

உஸ்மான் பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அது எல்லா வாட்ஸப் குழுக்களிலும் ஓடியது. அதைப் பார்த்துப் பாண்டியிலிருந்தும் வேலூரிலிருந்தும் போன் செய்தவர்களிடம், கூரியரில் அனுப்ப வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிச் சொல்லி இன்னும் நாற்பது வாங்க முடிந்தது. சென்னை நிறுவனம் இரண்டு வரியில் மெயில் அனுப்பி விலகிக்கொண்டது. அடுத்த மாதம் கிடங்கைப் பூட்டினார்கள். முன்னியும் இன்னும் ஐந்து பேரும் திண்டிவனம் பக்கம் செருப்புக் கம்பெனிக்குப் போகிறார்கள், விடிகாலை வேன் வருகிறது. உஸ்மான் பழைய ரிப்பேர் கடையைத் திறந்துவிட்டான். வழியில் பார்த்தால் “சாப்டியா?” என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

புரட்டாசியில் பெங்களூரில் ஒரு டெம்போ டிரைவர் கழுத்தில் அது பற்றிக்கொண்டது. காதின் பின்பக்கத்திலிருந்து தோள்வரை வெந்துவிட்டது. பூங்குழலி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். ஒரே நாளில் டெஸ்ட் முடித்ததையும், நாற்பது என்று எழுதியதையும், எதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னாள். போலீசில் சொன்னபோதும் அதையேதான் சொல்லியிருந்தாள். அவர் கட்டுப்போட்ட தலையைத் திருப்ப முடியாமல் கண்களை மட்டும் மூடிக்கொண்டார். அவர் மனைவிதான், “போங்க, இங்க நிக்காதீங்க” என்றாள். வழக்கு நடக்கிறது. அவள் ஒரு வாய்தாவுக்கும் போகாமல் இருந்ததில்லை.

இன்னும் நூற்று முப்பதுக்கும் மேல் எங்கே இருக்கின்றன என்று தெரியாது. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போகிறாள். வளர்மதி மைக்கைத் தருகிறாள். சில மாதம் ஒன்றிரண்டு வரும், சில மாதம் ஒன்றும் வராது.

தை மாதம் பனமலையிலிருந்து ஒரு போன் வந்தது. மாடு வைத்திருக்கும் விநாயகம் என்பவரிடம் ஒன்று இருப்பதாக அவருடைய மருமகள் சொன்னாள். “நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க வந்து பாருங்க.”

அவள் போனபோது அவர் ஏரிக்கரையில் மாடுகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கறுப்பு வளையம். கொஞ்சம் புடைத்திருந்தது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் சரிம்மா. ஆறு மாசமா ஒண்ணும் ஆவலயே. நல்லா பாடுது. இதக் குடுத்துட்டு நான் எதுல கேக்கறது?”

அவள் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். வேறு கம்பெனியின் நெக்பேண்டு. செஞ்சியில் கடையில் வாங்கியது. பெட்டியைப் பிரித்து, அவர் போனோடு சேர்த்துக் கொடுத்தாள். அவர் சந்தேகமாகப் பழையதைக் கழற்றி அவள் கையில் வைத்தார். புதியதைக் காதில் செருகிக்கொண்டு ஒரு பாட்டு முழுதும் கேட்டார். முகம் சுளித்தார்.

“உங்களுது மாதிரி இல்லம்மா இது. ரொம்ப சன்னமா கேக்குது.”

“ஆமாங்க” என்றாள் பூங்குழலி.

கொண்டுவந்திருந்த டப்பாவில் மணலைக் கிளறி, வளையத்தைப் புதைத்து மூடினாள். மூன்று மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அடுத்த தெருவில் போன ஆடிக்கு மலையனூர் போனவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கமாக நடந்தாள்.